அப்கிரேடு முடிந்ததும் ரௌட்டரில் நெட் வருகிறது, வீட்டில் வரவில்லை: ஃபார்வர்டிங் எங்கே அறுந்தது?

இரண்டு லேன் போர்ட் உள்ள ஒரு சின்னக் கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, அதையே வீட்டு ரௌட்டராக ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். ஒரு போர்ட் ஃபைபர் பெட்டிக்குப் போகும். இன்னொன்று வீட்டு சுவிட்சுக்கும் வைஃபைக்கும் போகும். ஆண்டுக்கணக்கில் தொந்தரவில்லாமல் ஓடிய அந்தக் கணினியை டெபியன் 12இலிருந்து 13க்கு ஏற்றி ரீபூட் செய்தபின் பலருக்கும் ஒரே மாதிரியான சிக்கல் வருகிறது. ரௌட்டரில் உட்கார்ந்து 8.8.8.8க்கு பிங் அடித்தால் பதில் வருகிறது, அப்டேட்டும் இறங்குகிறது. கைபேசியிலும் டிவியிலும் மட்டும் ஒன்றும் திறப்பதில்லை. வைஃபை முழுக்கோடு காட்டும், பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி நிற்கும்.

இந்த நிலையில் கண்டதையெல்லாம் மாற்றிப் பார்ப்பதுதான் பெரிய தவறு. நாலு இடத்தில் கைவைத்து ஐந்தாவது இடத்தில் சரியானால், எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த ரீபூட்டில் மறுபடியும் அதே கதை. பாக்கெட் (நெட்டில் போய்வரும் தரவுத்துண்டு) எந்த இடத்தில் சாகிறது என்று முதலில் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் மட்டும் கைவையுங்கள்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிக்கும் ஒலியிலேயே எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டவும். பெரும்பாலானவற்றுக்கு முன்னால், நிர்வாகி உரிமை தரும் சூடோ தேவைப்படும்.

தனக்கு வந்த பாக்கெட்டும் பிறருக்கு வந்த பாக்கெட்டும்

ஒரு கணினி இணையத்தில் இருப்பது ஒரு வேலை. அடுத்தவரின் பாக்கெட்டை வாங்கி மறுபக்கம் அனுப்பிவிடுவது முற்றிலும் வேறு வேலை. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்கு இவை இரண்டும் தனித்தனிப் பாதைகள். ரௌட்டர் தானே கிளப்பும் பாக்கெட் அவுட்புட் என்ற பாதையில் வெளியேறும். கைபேசியிலிருந்து வந்து வெளியே போகவேண்டிய பாக்கெட் ஃபார்வர்டு என்ற பாதையில் போகும். ஆகவே ரௌட்டரில் பிங் வேலை செய்தால், வெளிப்பக்க இணைப்பு உயிரோடு இருக்கிறது என்பது மட்டுமே தெரியும். ஃபார்வர்டிங் பற்றி அதிலிருந்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

நம் வீட்டுக் கதவுக்குள் விழுந்த கடிதத்தில் வேறொருவர் முகவரி இருந்தால் என்ன செய்வது? சாதாரணக் கணினி அதைக் கிழித்துப் போட்டுவிடும். ரௌட்டர் மட்டும் 'இது அடுத்த தெருவுக்கு' என்று பார்த்துக் கொண்டுபோய்ச் சேர்க்கும். நிறுவிய புதிதில் லினக்ஸ் சாதாரணக் கணினியாகத்தான் நடந்துகொள்ளும். இது மறதியால் வந்ததில்லை. 1989இல் வெளியான ஆர்எஃப்சி 1122 என்ற இணைய விதிமுறையே, கேட்டுக்கொள்ளாத வரை ஒரு கணினி ரௌட்டராக நடக்கக் கூடாது என்கிறது. எனவே 'நீ ரௌட்டர்' என்று ஒவ்வொரு பூட்டிலும் யாராவது கெர்னலிடம் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்லும் கோப்பு படிக்கப்படாமல் போனால், கெர்னல் பழைய குணத்துக்குத் திரும்பிவிடும்.

கைபேசியின் பாக்கெட் வெளியே போய்ப் பதில் திரும்ப நாலு காரியம் நடக்க வேண்டும். கெர்னலில் ஃபார்வர்டிங் சுவிட்ச் போட்டிருக்க வேண்டும். எதை விடுவது, எதைத் தடுப்பது என்று முடிவுசெய்யும் ஃபயர்வால் விட வேண்டும். வெளியேறும்போது 192.168 என்ற வீட்டு முகவரியை அழித்து ரௌட்டரின் வெளி முகவரியை எழுதும் நேட் நடக்க வேண்டும். திரும்பி வரும் பதிலை உள்ளே விட வேண்டும். இதில் எது போனாலும் கைபேசியில் தெரிவது ஒரே ஆச்சரியக்குறிதான்.

பாக்கெட்டின் பின்னாலேயே போவது

இதற்கு, ஒரு போர்ட்டில் போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் என்ற கருவி போதும். எடுத்துக்காட்டுக்கு வெளிப்பக்க போர்ட் இஎன்பி1எஸ்0, வீட்டுப்பக்க போர்ட் இஎன்பி2எஸ்0, ரௌட்டரின் வீட்டு முகவரி 192.168.10.1, சோதிக்கும் மடிக்கணினி 192.168.10.20 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் போர்ட் பெயர்களை 'ஐபி அட்ரஸ்' கட்டளை காட்டும்.

மடிக்கணினியிலிருந்து 8.8.8.8க்கு நிற்காமல் பிங் ஓடவிடுங்கள். பெயரைக் கொடுக்காமல் எண் முகவரியையே கொடுங்கள். பெயரை எண் முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் சிக்கலை இதோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்கலாம். ரௌட்டரில் இரண்டு டெர்மினல் திறந்து, ஒன்றில் 'டிசிபிடம்ப் ஹைஃபன் என்ஐ இஎன்பி2எஸ்0 ஐசிஎம்பி' (ஐசிஎம்பி என்பது பிங் பயன்படுத்தும் நெறிமுறை) என்றும், இன்னொன்றில் அதையே இஎன்பி1எஸ்0க்கும் கொடுங்கள். பிறகு இரண்டு திரையையும் பாருங்கள்.

வீட்டுப்பக்கத் திரையில் ஒன்றுமே வரவில்லை என்றால் சிக்கல் ரௌட்டருக்கு முன்னாலேயே இருக்கிறது. மடிக்கணினிக்கு முகவரி கிடைத்ததா, அது வெளியே போகும் வழியான கேட்வே 192.168.10.1 தானா என்று பாருங்கள். சாதனங்களுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வர் அப்கிரேடில் எழுந்திருக்காமல் போயிருக்கலாம்.

வீட்டுப்பக்கம் வருகிறது, வெளிப்பக்கம் எட்டிப்பார்க்கவே இல்லை என்றால் பாக்கெட் ரௌட்டருக்குள் செத்துவிட்டது. ஃபார்வர்டிங் சுவிட்ச் அல்லது ஃபயர்வால்தான் காரணம் என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

வெளிப்பக்கம் போகிறது, ஆனால் அனுப்புநர் முகவரி இன்னும் 192.168.10.20 என்றே இருக்கிறது என்றால் நேட் நடக்கவில்லை. இந்த முகவரிகள் வீட்டுக்குள் மட்டுமே செல்லும். வெளியே யாரும் இதற்குப் பதில் அனுப்ப வழியில்லை.

வெளி முகவரியோடு போகிறது, பதிலும் வெளிப்பக்கம் வந்து நிற்கிறது, வீட்டுப்பக்கம் மட்டும் இறங்கவில்லை என்றால், ஏற்கெனவே தொடங்கிய உரையாடலின் பதிலை அனுமதிக்கும் விதி ஃபயர்வாலில் இல்லை. சரியான முகவரியோடு போயும் பதிலே வரவில்லை என்றால் உங்கள் ரௌட்டர் தன் வேலையைச் செய்துவிட்டது. ஃபைபர் பெட்டிப் பக்கம் போய்ப் பாருங்கள்.

டெபியன் 13இல் படிக்கப்படாமல் போகும் கோப்பு

2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான டெபியன் 13க்கு மாறியவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ஃபார்வர்டிங் சுவிட்சைப் போட எல்லாரும் வழக்கமாகச் செய்தது, ஈடிசி அடைவில் உள்ள சிஸ்சிடிஎல்.கான்ஃப் கோப்பில் 'நெட்.ஐபிவி4.ஐபி_ஃபார்வர்டு=1' என்ற வரியின் முன்னாலிருந்த ஹாஷ் குறியை எடுப்பது. 13இலிருந்து, பூட் ஆகும்போது எல்லாவற்றையும் எழுப்பும் சிஸ்டம்டி அந்தக் கோப்பைப் படிப்பதில்லை. கோப்பு இருக்கும், வரி இருக்கும், திறந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். படிக்கத்தான் ஆளில்லை. கோப்பைத் திறந்து பார்த்து 'இது சரியாக இருக்கிறது' என்று நகர்ந்துவிடுகிறவர்கள் இங்கேதான் பல மணி நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காதீர்கள், கெர்னலிடம் நேராகக் கேளுங்கள். 'சிஸ்சிடிஎல் நெட்.ஐபிவி4.ஐபி_ஃபார்வர்டு' என்று கொடுத்தால் 0 அல்லது 1 வரும். 0 என்றால் காரணம் கிடைத்துவிட்டது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய வழிகாட்டிகள் 'சிஸ்சிடிஎல் ஹைஃபன் பி' கொடுக்கச் சொல்லும். கோப்பின் பெயரைச் சொல்லாமல் அதைக் கொடுத்தால், அது அந்தப் பழைய கோப்பையே தேடிப்போய்ப் படிக்கும். சுவிட்ச் விழும், வீட்டில் நெட் வரும், சரியாகிவிட்டது என்று நினைப்பீர்கள். அடுத்த முறை மின்சாரம் போய் வந்தால் மறுபடியும் 0.

நிலையான வழி, ஈடிசியில் உள்ள சிஸ்சிடிஎல்.டி என்ற அடைவுக்குள் புதுக் கோப்பு ஒன்றை உருவாக்குவது. பெயர் 60-ரௌட்டர்.கான்ஃப் போல எதுவாகவும் இருக்கலாம், கான்ஃப் என்று மட்டும் முடிய வேண்டும். அந்த ஒரு வரியை அதில் எழுதுங்கள். பழைய கோப்பில் வேறு அமைப்புகள் வைத்திருந்தால் அவற்றையும் இங்கே கொண்டுவாருங்கள், ஆனால் ஃபார்வர்டு வரி முதலில் இருக்கட்டும். அந்தச் சுவிட்சின் மதிப்பு மாறும்போது கெர்னல், சாதாரணக் கணினிக்கான அமைப்புகளிலிருந்து ரௌட்டருக்கான அமைப்புகளுக்குத் தாவுகிறது. அப்போது இன்டர்ஃபேஸ் சார்ந்த வேறு சில மதிப்புகள் தொடக்கநிலைக்குப் போய்விடும். முன்னால் எழுதியது அழியலாம், பின்னால் எழுதியது நிற்கும்.

சிஸ்டம்டியின் நெட்வொர்க் பகுதியான சிஸ்டம்டி-நெட்வொர்க்டி வழியாக ரௌட்டரை அமைத்தவர்களுக்கு இன்னொரு மாற்றம் உண்டு. சிஸ்டம்டி 256 பதிப்பிலிருந்து 'ஐபிஃபார்வர்டு' என்ற பழைய அமைப்பு கைவிடப்பட்டு, 'ஐபிவி4ஃபார்வர்டிங்', 'ஐபிவி6ஃபார்வர்டிங்' என்று இரண்டாகப் பிரிந்தது. டெபியன் 13இல் இருப்பது 257. நெட்வொர்க் கோப்பில் பழைய பெயர் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

1 என்று காட்டியும் போகவில்லை: டாக்கர்

அதே பெட்டியில், கன்டெய்னர் என்ற தனித்தனி அடைப்புகளுக்குள் மென்பொருள்களை ஓட்டும் டாக்கரும் ஓடுகிறது என்றால் இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். மேலே சொன்ன கோளாறு இங்கே வேறு வேடத்தில் வரும்.

டாக்கருக்குத் தன் கன்டெய்னர்களுக்காக ஃபார்வர்டிங் தேவை. அது எழும்போது சுவிட்ச் 0ஆக இருந்தால் தானே 1 ஆக்கிக்கொள்ளும். அப்படித் தானாகப் போடும்போது, பாதுகாப்புக்காக ஃபார்வர்டு பாதையின் பொதுவிதியை டிராப் என்று மாற்றிவிடும். இது நியாயமான எச்சரிக்கைதான். நீங்கள் கேட்காமல் உங்கள் கணினியை ரௌட்டராக்கிய டாக்கர், அதன் வழியே மற்றவர்கள் புகுந்து போகக் கூடாது என்று கதவைச் சாத்துகிறது. சுவிட்ச் ஏற்கெனவே 1ஆக இருந்தால் டாக்கர் அந்தப் பொதுவிதியைத் தொடாது.

இப்போது சங்கிலியைப் பாருங்கள். அப்கிரேடுக்கு முன் உங்கள் கோப்பு முதலில் சுவிட்சைப் போட்டது, டாக்கர் பின்னால் வந்து ஒன்றும் செய்யவில்லை. அப்கிரேடுக்குப் பின் கோப்பு படிக்கப்படவில்லை, டாக்கர் எழும்போது 0. தானே 1 ஆக்கி, கதவைச் சாத்திவிட்டது. நீங்கள் கெர்னலிடம் கேட்டால் 1 என்கிறது. 'சுவிட்ச் சரியாகத்தானே இருக்கிறது' என்று வேறெங்கோ தேடப் போய்விடுகிறீர்கள்.

ஃபயர்வால் விதிகளைக் காட்டும் 'ஐபிடேபிள்ஸ் ஹைஃபன் எஸ் ஃபார்வர்டு' கொடுத்து (எஸ்ஸும் ஃபார்வர்டும் பெரிய எழுத்தில்) முதல் வரியைப் பாருங்கள். டிராப் என்றிருந்தால் இதுதான். சிஸ்சிடிஎல்.டி அடைவில் கோப்பை வைத்து ரீபூட் செய்தாலே தீரும், ஏனென்றால் அந்தக் கோப்பு டாக்கர் எழுவதற்கு வெகுமுன்பே படிக்கப்பட்டுவிடும். கோப்பை வைத்துவிட்டு டாக்கரை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் போதாது. சாத்திய கதவு சாத்தியபடியே இருக்கும்.

'என் என்எஃப்டேபிள்ஸ் விதியில் அனுமதி எழுதியிருக்கிறேனே' என்று கேட்கலாம். என்எஃப்டேபிள்ஸ் என்பது லினக்ஸின் இன்றைய ஃபயர்வால். அங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். என்எஃப்டேபிள்ஸில் ஒரே பாதையில் பல அட்டவணைகள் காவல் நிற்க முடியும். ஒரு காவலர் 'போ' என்றால் அது அவருடைய வாசலுக்கு மட்டும். அடுத்த வாசலில் மறுபடி சோதிப்பார்கள். எந்த வாசலிலாவது 'கூடாது' என்றால் அதோடு முடிந்தது. டெபியன் 10இலிருந்து ஐபிடேபிள்ஸ் கட்டளையும் உள்ளே என்எஃப்டேபிள்ஸ் இயந்திரத்தைத்தான் பயன்படுத்துகிறது. ஆகவே டாக்கர் சாத்திய கதவு உங்கள் விதிகளுக்குப் பக்கத்திலேயே தனி அட்டவணையாக நிற்கும். 'என்எஃப்டி லிஸ்ட் ரூல்செட்' கொடுத்தால் எல்லா வாசல்களும் ஒரே பட்டியலில் தெரியும். அதில் ஃபார்வர்டு ஹூக் (ஃபார்வர்டு பாதையில் காவல் நிற்கும் இடம்) உள்ள ஒவ்வொரு செயினின் (விதித்தொடரின்) பாலிசியையும், அதாவது பொதுவிதியையும் படித்துப் பாருங்கள்.

போர்ட்டின் பெயர் மாறிவிட்டதா

கெர்னலும் சிஸ்டம்டியும் ஒருசேர மாறும்போது, சில வன்பொருள்களில் நெட்வொர்க் போர்ட்டின் பெயரும் மாறும். ஈத்0 என்பது இஎன்பி1எஸ்0 போன்ற பெயராக மாறிய காலத்திலிருந்து இந்தத் தலைவலி உண்டு. டெபியன் 13இன் வெளியீட்டுக் குறிப்பும் இதை எச்சரிக்கிறது. முகவரி அமைப்பு, டிஹெச்சிபி, ஃபயர்வால் மூன்றும் பழைய பெயரையே பிடித்துக்கொண்டிருக்கும்.

ஃபயர்வாலில் இது இரண்டு விதமாக வெளிப்படும். வெளியேறும் போர்ட்டைக் குறிக்க விதியை 'ஓஐஎஃப்நேம்' என்று எழுதியிருந்தால், அது பெயரை வெறும் எழுத்துச்சரமாகத்தான் ஒப்பிடும். அப்படியொரு போர்ட்டே இல்லாவிட்டாலும் பிழை சொல்லாமல் ஏறிவிடும், எந்தப் பாக்கெட்டிலும் பொருந்தாது. நேட் விதி பட்டியலில் கண்ணுக்குத் தெரியும், வேலை மட்டும் நடக்காது. 'ஓஐஎஃப்' என்று எழுதியிருந்தால் போர்ட்டின் உள் எண்ணைத் தேடும். அந்தப் பெயரில் போர்ட் இல்லையென்றால் பிழை. என்எஃப்டேபிள்ஸ் ஒரு கோப்பை முழுவதுமாக ஏற்றும், இல்லையென்றால் ஒரு வரியைக்கூட ஏற்றாது. ஆகவே ஒரே ஒரு பெயர்ப் பிழையால் மொத்த ஃபயர்வாலும் ஏறாமல் நின்றுவிடும்.

இரண்டாவது நிலை ஆபத்தானது. நேட் இல்லை என்பது உடனே தெரிந்துவிடும். ரௌட்டரைக் காக்கும் விதிகளும் இல்லை என்பது தெரியாது. வெளிப்பக்கத்தில் பொது முகவரி இருந்தால் தொலைவிலிருந்து உள்நுழையும் எஸ்எஸ்ஹெச் உட்பட எல்லாம் உலகத்துக்குத் திறந்து கிடக்கும். 'என்எஃப்டி லிஸ்ட் ரூல்செட்' வெறுமையாக வந்தால், வேறு எதையும் பார்க்கும் முன் வெளிப்பக்கக் கேபிளைக் கழற்றுங்கள். பிறகு 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்எஃப்டேபிள்ஸ்' கொடுத்தால் எந்த வரியில் தடுக்கியது என்று சொல்லும். அந்தச் சேவை பூட்டில் தானாக எழும்படி இயக்கப்பட்டிருக்கிறதா என்பதும் அங்கேயே தெரியும்.

பெயரை இனி மாறாமல் கட்டிப்போட, ஈடிசியில் சிஸ்டம்டிக்குள் உள்ள நெட்வொர்க் அடைவில் லிங்க் என்று முடியும் கோப்பு ஒன்றை ஒவ்வொரு போர்ட்டுக்கும் எழுதலாம். மேட்ச் பகுதியில் போர்ட்டின் மேக் முகவரி (வன்பொருளின் அடையாள எண்), லிங்க் பகுதியில் நீங்கள் வைக்கும் பெயர். வான்0, லேன்0 போன்ற பெயர்கள் நல்லது. ஈத்0 என்று வைக்காதீர்கள், கெர்னல் தானே கொடுக்கும் பெயரோடு மோதும். எழுதியபின் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஹைஃபன் யு' ஓட்டிவிட்டு ரீபூட் செய்யுங்கள். ஃபயர்வாலில் வான்0, லேன்0 என்று படிக்கும்போது எது எந்தப் பக்கம் என்ற குழப்பமும் போய்விடும். இதை அப்கிரேடுக்கு முன்பே செய்துவைப்பது இன்னும் நல்லது.

நேட்டைச் சரிசெய்தபின் பிங்கை நிறுத்துங்கள்

நேட் மட்டும் வேலை செய்கிறதா என்று தனியாகப் பார்க்க ஒரு வழி உண்டு. ரௌட்டரிலேயே 'பிங் ஹைஃபன் பெரிய ஐ 192.168.10.1' என்று வீட்டு முகவரியை அனுப்புநராக வைத்து 8.8.8.8க்கு அடியுங்கள். இது ஃபார்வர்டு பாதையைத் தொடாது, ஆனால் வெளியேறும் இடத்தில் நேட்டைக் கடந்தே ஆகவேண்டும். பதில் வந்தால் நேட் சரி, கோளாறு ஃபார்வர்டு பாதையில். வராவிட்டால் நேட் செய்யும் மாஸ்கரேடு விதியைப் பாருங்கள்.

விதியைச் சரியாகச் சேர்த்தபின்னும், ஓடிக்கொண்டிருக்கும் பிங்குக்குப் பதில் வராது. இதைப் பார்த்து 'இதுவும் இல்லை போல' என்று சரியான விதியை அழித்தவர்கள் உண்டு. ஓர் உரையாடலின் முதல் பாக்கெட்டுக்குத்தான் கெர்னல் நேட் விதிகளைப் பார்க்கிறது. அடுத்தடுத்து வருபவை, முதலில் எடுத்த முடிவையே பின்பற்றும். விதி இல்லாத நேரத்தில் தொடங்கிய பிங், 'நேட் வேண்டாம்' என்ற பழைய முடிவோடு ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நினைவு ஐசிஎம்பிக்கு 30 விநாடி தங்கும். நிற்காமல் ஓடும் பிங் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். பிங்கை நிறுத்தி, அரை நிமிடத்துக்குச் சற்று அதிகமாகப் பொறுத்து, மீண்டும் தொடங்குங்கள். விண்டோஸ் மடிக்கணினியில் இந்தக் காத்திருப்பு அவசியம், ஏனென்றால் அதன் பிங் ஒவ்வொரு முறையும் ஒரே அடையாள எண்ணைப் பயன்படுத்தும்.

பிங் போகிறது, பக்கங்கள் மட்டும் முரண்டு பிடிக்கின்றன

சில தளங்கள் திறந்து சில தளங்கள் பாதியில் தொங்கினால், பாக்கெட்டின் உச்ச அளவான எம்டியூவைச் சந்தேகப்படுங்கள். ரௌட்டரே பிபிபிஓஇ (சில சேவையாளர்கள் பயன்படுத்தும் இணைப்பு முறை) மூலம் இணைகிறது என்றால் அந்த அளவு 1500இலிருந்து 8 பைட் குறைந்து 1492. வீட்டுச் சாதனங்களுக்கு இது தெரியாது. அவர்கள் அனுப்பும் அளவை அதற்கேற்பக் குறைக்க ஃபயர்வாலில் இருந்த எம்எஸ்எஸ் கிளாம்ப் விதி அப்கிரேடில் காணாமல் போயிருக்கலாம். விண்டோஸில் 'பிங் ஹைஃபன் எஃப் ஹைஃபன் எல் 1464' போய், 1465 போகாவிட்டால் அளவு 1492தான் என்று உறுதி. 1464உடன் தலைப்புகளின் 28 பைட் சேர்ந்து 1492 ஆகிறது.

புதிய முகவரி முறையான ஐபிவி6 ஓடும் வீட்டில், ஃபார்வர்டிங்கை இயக்கியதும் கெர்னல், வெளிப்பக்க ரௌட்டர் அனுப்பும் அறிவிப்புகளைக் கேட்பதை நிறுத்திவிடும். வெளிப்பக்க போர்ட்டின் 'அக்செப்ட்_ஆர்ஏ' மதிப்பு 2 என்று இருந்தால்தான் தொடர்ந்து கேட்கும். இந்த வரியும் அந்தப் பழைய சிஸ்சிடிஎல் கோப்பில்தான் இருந்திருக்கும். நெட்வொர்க்டி, நெட்வொர்க்மேனேஜர் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த வரி பொருந்தாது. அறிவிப்புகளை அவை தாமே கையாளும்.

ஃபைபர் பெட்டியும் உங்கள் ரௌட்டரும் ஒரே 192.168.1 வரிசையை இருபக்கமும் கொடுத்தால் எந்தப் பக்கம் அனுப்புவது என்று கெர்னலுக்குத் தெரியாது. 'ஐபி ரூட்' பட்டியலில் ஒரே வரிசை இரண்டு போர்ட்டில் தெரிந்தால், வீட்டுப்பக்கத்தை 192.168.10 போல வேறாக மாற்றுங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் ஒரு முறை ரீபூட் செய்து, எதையும் தட்டாமல் கைபேசியில் நெட் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் 'சிஸ்சிடிஎல் ஹைஃபன் ஏ', 'ஐபி அட்ரஸ்', 'ஐபி ரூட்', 'என்எஃப்டி லிஸ்ட் ரூல்செட்' நான்கின் விடையையும் தனித்தனிக் கோப்பில் சேமித்து ரௌட்டருக்கு வெளியே வையுங்கள். அடுத்த அப்கிரேடுக்குப் பின் அதே நான்கையும் மறுபடி எடுத்து, 'டிஃப்' கட்டளையால் பழையதோடு ஒப்பிட்டால் எது மாறியது என்று வரிவரியாகத் தெரிந்துவிடும்.